கார பஜ்ஜியும் கருமாரியும்

இன்னாடா பேராண்டி, கரண்டு போனதும் இப்பிடி அலறிகினு வாசலுக்கு ஓடியார? டிரான்ஸ்பார்மர்தானே வெடிச்சிது, உலகமா அழிஞ்சி போச்சி? உக்காரு. திண்ணையில காத்து வருது. கூவத்துப் பக்கம் இருந்து வர்ற காத்து, கொஞ்சம் வாசனையோடதான் வரும். மூக்கைப் புடிச்சிகினு அனுபவி. உங்க ஆயா காமாட்சி விளக்கு ஒண்ணு ஏத்தி வச்சிட்டுப் போயிருக்கா பாரு, நாம பேசறதுக்கு அது போதும். போனை எடுத்து டார்ச் அடிக்காத. எழுபத்தாறு வருஷமா சேத்து வச்ச சுருக்கம்டா இது. இருட்டுலயே இருக்கட்டும்.

மத்தியானம் நோட்டை வச்சிகினு நீ கணக்குப் போட்டதைப் பாத்தேன். தூங்கற மாதிரி இருந்தேன், தூங்கல. நம்ம தெரு அம்மன் கோயிலுக்கு ஆடி மாசத்துக்குள்ள பன்னெண்டு எல்இடி போகஸ் லைட்டு. அதுல கருவறைக்கு உள்ள மட்டும் நாலு. ரிச்சி தெருவுல மொத்த வெலைக்குக் கிடைக்குதாமே? ஏன் நைனா, அம்மன் இன்னா எக்ஸ்ரே எடுக்கவா வந்து உக்காந்திருக்கா?

முன்னெல்லாம் கோயிலுக்கு டியூப்லைட்டு வாங்கித் தருவாங்க. தந்தவங்க பேரு, அப்பா பேரு, கடை பேரு எல்லாத்தையும் அந்த லைட்டு மேலயே கொட்டை கொட்டையா எழுதி உபயம்னு போடுவாங்க. வர்ற வெளிச்சத்துல பாதியை எழுத்தே மறைச்சிடும். உபயதாரர் புண்ணியத்துல கோயில்ல கொஞ்சம் இருட்டாவது மிஞ்சிச்சி. உன் எல்இடியில பேரு எழுத எடமே இல்ல, அதுதான் எனக்குப் பயம்.

"தாத்தா, உங்களுக்கு லைட்டிங் பத்தி இன்னா தெரியும்"னு கேக்கற மாதிரி பாக்கறியே, சரியான கேள்விதான். பூந்தமல்லி ரோட்டுல சைக்கிள் மிதிச்சி, வடபழனி ஸ்டுடியோவுல லைட்டு தூக்கினவன்டா உன் தாத்தன். பரண் மேல ஏறி, சட்டி மாதிரி கொதிக்கிற லைட்டைக் கட்டிப் புடிச்சிகினு உக்காந்திருப்பேன். கேமராமேன் ஒருத்தர் இருந்தாரு, பேரு வேணாம். எட்டு லைட்டை ஏத்தச் சொல்லுவாரு. நாங்க நாக்குத் தள்ள ஏத்துவோம். கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, "அதை அணை, இதை அணை"ன்னு ஏழு லைட்டை அணைப்பாரு. மிச்சம் இருக்கிற ஒண்ணுக்கும் முன்னாடி கறுப்புத் துணி கட்டின கட்டரைக் கொண்டாந்து வச்சி, பாதியை மறைப்பாரு. எங்களுக்கு வயிறு எரியும். இதுக்கா எட்டு லைட்டு தூக்கினோம்னு ஒரு நாள் கேட்டே புட்டேன்.

மனுஷன் கோவப்படல. பையில இருந்து ஒரு பெரிய படப் புஸ்தகத்தை எடுத்து மடியில வச்சாரு. "இவனைப் பாரு, இவன்தான் நம்ம எல்லாருக்கும் வாத்தியார்"னாரு. காரவாஜியோன்னு ஒரு இத்தாலிக்காரன். என் காதுல அது கார பஜ்ஜின்னுதான் விழுந்துது. இன்னி வரைக்கும் எனக்கு அவன் கார பஜ்ஜிதான். சொந்தப் பேரு மிக்கேலாஞ்சலோ மெரிசி. காரவாஜியோங்கிறது அவங்க ஊரு பேரு. இன்னொரு மிக்கேலாஞ்சலோ ஏற்கெனவே பெரிய ஆளா ஆகிட்டதால இவன் ஊரு பேர்லயே நின்னுட்டான். நம்ம பக்கத்துலயும் பாதிப் பேரு அப்பிடித்தானே, ஆவடி மாமா, அம்பத்தூர் சித்தின்னு.

1571ல பொறந்து, 1610ல முப்பத்தெட்டு வயசுலயே போயிட்டான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல கிறிஸ்தவ சபை ரெண்டாப் பிளந்து கெடந்துது. புது சபைக்காரங்க பல பேரு கோயில்ல படமே வேணாம்னாங்க. பழைய சபைக்காரங்க ட்ரெண்ட்ங்கிற ஊர்ல வருஷக்கணக்கா கூட்டம் போட்டு, 1563ல ஒரு முடிவு எடுத்தாங்க. படம் வேணும், ஆனா எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியணும், பாத்தவன் மனசு கரையணும்னு. நம்ம தெருக்கூத்து வாத்தியாருக்கு இது புதுசா? எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கே பாரதத்தைப் புரிய வச்சவரு. அந்த ஊர்ல அந்த வேலை ஓவியக்காரன் தலையில விழுந்துது. பரோக்குன்னு பின்னாடி பேரு வச்சது அந்தக் காலத்துக் கலைக்குத்தான்.

கார பஜ்ஜி இன்னா பண்ணான்? வெளிச்சத்தைக் குறைச்சான். அவ்ளோதான். மத்தவன் வானம், மேகம், தேவதை, தூண், தோட்டம்னு படம் பூரா வெயில் அடிக்க விட்டுகினு இருந்தப்ப, இவன் முக்கால்வாசிப் படத்தை இருட்டுல தள்ளிட்டு, மேல ஒரு மூலையில இருந்து ஒரே ஒரு வெளிச்சத்தை மட்டும் கீழ எறக்கினான்.

ரோமாபுரியில பிரெஞ்சுக்காரங்க கோயில் ஒண்ணு, சான் லூயிஜின்னு. அதுக்குள்ள சின்ன அறை மாதிரி ஒரு பீடம். அதோட இடது பக்கத்துச் சுவர்ல மத்தேயுவை ஏசு கூப்பிடற படம். 1600ல முடிச்சது. பத்தரை அடி உசரம், பதினோரு அடி அகலம். புஸ்தகத்துல பாத்தா முதல்ல ஏதோ சீட்டாடற கிளப்புன்னுதான் நெனைப்ப. ஒரு மேசை, சுத்தி அஞ்சு பேரு, தொப்பியில எறகு, இடுப்புல கத்தி, மேசை மேல காசு. மத்தேயு வரி வசூல் பண்றவன். வரி வசூல்காரனை அந்தக் காலத்துல ஊரே திட்டும். இந்தக் காலத்துல வாழ்த்துதான்னு சொல்லல.

வலது பக்கம் இருட்டுல ஏசு நிக்கறாரு. தலைக்குப் பின்னாடி சூரியன் மாதிரி தட்டெல்லாம் இல்ல, தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அவ்ளோதான். கையை மட்டும் நீட்டறாரு. அவரு தலைக்கு மேல எங்கியோ இருந்து வெளிச்சம் சாய்வா வந்து, செவுத்துல கோடு கிழிச்சிகினு அந்த மேசைக்காரங்க மூஞ்சியில விழுது. படத்துல ஜன்னல் ஒண்ணு இருக்குது, அதுல எண்ணெய்த் தாள் ஒட்டி அடைச்சிட்டான். அதுல இருந்து பொட்டு வெளிச்சம் கிடையாது. கேலியைப் பாத்தியா? ஜன்னல்னு ஒண்ணு வச்சி, வெளிச்சத்தை வேற வழியா அனுப்பறான். பீடத்துக்கு மேல நெசமாவே ஒரு ஜன்னல் இருக்குது, அதுவும் அதே வலது பக்கம். கோயிலுக்குள்ள வர்ற வெளிச்சமே படத்துக்குள்ள பூந்துட்ட மாதிரி இருக்குமாம்.

இன்னொரு கூத்து கேளு. அந்த அஞ்சு பேருல மத்தேயு யாருன்னு படிச்சவங்களுக்குள்ள இன்னமும் சண்டை. நடுவுல தாடிக்காரன் ஒருத்தன் வெரலைக் காட்டி, "என்னையா?"ங்கறான்னு ஒரு கட்சி. இல்ல, அவன் பக்கத்துல இருக்கிறவனைக் காட்டி, "இவனையா?"ங்கறான்னு இன்னொரு கட்சி. அந்தப் பக்கத்துல இருக்கிறவன் யாரு? மேசையோட கோடியில தலையைத் தொங்கப் போட்டுகினு காசு எண்ற பையன். வெளிச்சம் வந்து தலையில விழுது, சாமியே வந்து கூப்பிடறாரு, இவன் தலையைத் தூக்கல. எனக்கு ஓட்டு இருந்தா அவனுக்குத்தான் போடுவேன். ஏன்னா அவனை எனக்கு நல்லாத் தெரியும். ஆயா சாப்பிடக் கூப்பிட்டா போனை வச்சிகினு தலையைத் தூக்காத ஒருத்தன் நம்ம வீட்டுலயே இருக்கான்.

அங்க போய்ட்டு வந்தவங்க சொன்னது இது. அந்தப் படம் பகல்லயே இருட்டா இருக்குமாம். பக்கத்துல உண்டி மாதிரி ஒரு பெட்டி. காசு போட்டா கொஞ்ச நேரம் லைட்டு எரியும், அப்புறம் படக்குன்னு அணைஞ்சிடும். மறுபடி பாக்கணும்னா மறுபடி காசு. காசு எண்றவன் படத்தைப் பாக்கக் காசு போடணும்! நம்ம ஊரு ஸ்பெஷல் தரிசன டிக்கெட்டைக் கண்டு புடிச்சது நாமதான்னு இனிமே பெருமை பேசாத.

அந்த வெளிச்சத்தை அவன் எப்பிடிக் கொண்டாந்தான்னு கேளு, தொழில் ரகசியம். அந்தக் காலத்துல மான்சினின்னு ஒரு வைத்தியர் எழுதி வச்சிருக்காரு. செவுரு பூரா கறுப்படிச்ச அறையில, மேல ஒரே ஜன்னல் வழியா, எந்தப் பக்கத்துலயும் பட்டுத் திரும்பாம எறங்கற வெளிச்சம் மாதிரி இவன் கூட்டத்து ஓவியம் இருக்கும்னு. நாங்க ஸ்டுடியோவுல கறுப்புத் துணி கட்டினோமே, அதே வேலை. வெளிச்சம் வெள்ளைச் செவுத்துல பட்டுத் திரும்பிச்சின்னா நெழல் கலைஞ்சிடும். உன் ரூம்ல நாலு பக்கமும் வெள்ளைப் பெயிண்ட்டு அடிச்சிட்டு, போட்டோ சப்பையா வருதுன்னு கேமராவைத் திட்டறியே, அது கேமரா குத்தம் இல்ல.

துணிக்கு முதல்ல வெள்ளை பூசி வரையறது ஒரு வழி. இவன் பழுப்பா, கருஞ்சிவப்பா பூசிட்டு ஆரம்பிப்பான். இருட்டை முதல்ல போட்டுடுவான், அப்புறம் வெளிச்சத்தை மட்டும் எடுத்துகினு வருவான். பென்சில்ல வரைஞ்சி பாத்த தாள் ஒண்ணு கூட அவனோடதுன்னு உறுதியாக் கிடைக்கல. ஈரமா இருக்கிற பூச்சுல பிரஷ்ஷோட பின்பக்கத்தால கீறி அடையாளம் வச்சிகினு, ஆளை எதிர்ல உக்கார வச்சி நேராவே தீட்டிடுவான். உங்க ஆயா கோலம் போடற மாதிரின்னு வச்சிக்க. சாணி தெளிச்ச தரை கறுப்பா இருந்தாத்தான் மாவு எடுப்பாத் தெரியும். டைல்ஸ் மேல போட்டுட்டு எங்க கோலம்னு தேடறீங்க இப்போ.

வாடகை வீட்டுல இருந்தான். கூரையில பாதியைத் தெறந்துக்க ஒப்பந்தத்துலயே அனுமதி வாங்கினவன். வெளிச்சத்துக்குத்தான்னு படிச்சவங்க சொல்றாங்க. 1605ல வீட்டுக்கார அம்மா வாடகை பாக்கி, கூரை சேதம்னு கேசு போட்டு சாமானை ஜப்தி பண்ணிட்டாங்க. ராத்திரி போய் அந்த அம்மா ஜன்னல்ல கல்லெறிஞ்சான். ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னாருன்னு நீ அழுதியே, ஞாபகம் வச்சிக்க. கூரையைத் தெறந்தவன் இருந்திருக்கான்.

சாதாரணப் போக்கிரி இல்ல அவன். ஓட்டல்ல தட்டை வேலைக்காரன் மூஞ்சியில அடிச்சான். 1606ல ஒருத்தனைக் கத்தியால குத்திக் கொன்னுட்டு ரோமை விட்டு ஓடினான். பந்தாட்டத்துப் பந்தயத் தகராறுன்னு அப்பவே பேசிகினாங்க. ஓடற வழியெல்லாம் சாமி படம் வரைஞ்சான்.

மூஞ்சியை ஏன் சுளிக்கிற? கொலைகாரன் வரைஞ்ச சாமியா, சூதாடி வரைஞ்ச சாமியான்னா? டேய், நீ எந்த ஊர்க்காரன்னு மறந்துட்டியா? இது திருவேற்காடு. மூர்க்க நாயனார் ஊரு. அறுபத்துமூணு பேருல ஒருத்தரு. அவரு இன்னா பண்ணாருன்னு உனக்குத் தெரியாது, தெரிஞ்சா உன் மொபைல் ரம்மிக்குத் துணைக்கு இழுப்ப, அதான் நான் சொல்லல. இப்போ சொல்றேன். சிவனடியாருக்குச் சோறு போட்டே சொத்தை அழிச்சாரு. கையில ஒண்ணும் மிஞ்சாதப்ப, தனக்கு முன்னாடியே தெரிஞ்ச சூதாட்டத்தைக் கையில எடுத்தாரு. ஊர்ல இவரோட ஆட ஆளு இல்லாமப் போய், ஊரு ஊராப் போயி கும்பகோணம் சேந்தாரு. முதல் ஆட்டம் தோப்பாரு, அப்புறம் வரிசையா ஜெயிப்பாரு. இவரு ஜெயிச்ச பணத்தைத் தரமாட்டேன்னு எதிராளி தகராறு பண்ணா, இடுப்புல இருக்கிற சுரிகையை உருவிக் குத்திடுவாரு. அதனாலதான் மூர்க்கர்னு பேரு. ஆனா அந்தப் பணத்தைக் கையால தொடமாட்டாரு. சமையல்காரங்க எடுத்துகினு போய் உலை வைப்பாங்க. அடியாரெல்லாம் சாப்பிட்ட பொறவு கடைசிப் பந்தியிலதான் இவரு உக்காருவாரு.

இதை எழுதி வச்சது யாரு? பக்கத்துல குன்றத்தூர்ல பொறந்த சேக்கிழாரு. பெரியபுராணத்துல எழுதினாரு, மறைக்கல. இந்த சூது, கத்தியெல்லாம் வேணாம், நாயனாரை நல்லவரா மட்டும் காட்டுவோம்னு லைட்டைத் திருப்பி அடிக்கல. நெழலை நெழலாவே விட்டாரு. அதனாலதான் அந்தக் கடைசிப் பந்தி அவ்ளோ வெளிச்சமாத் தெரியுது.

கார பஜ்ஜியும் சின்ன வயசுல சீட்டுல ஏமாத்தறவங்களை வரைஞ்சிருக்கான், 1594 வாக்குல. ஏமாளிப் பையன் ஒருத்தன் சீட்டைப் பாத்துகினு இருக்கான். பின்னால ஒருத்தன் வெரல்ல ஜாடை காட்டறான். எதிர்ல இருக்கிறவன் முதுகுப் பக்கம் ஒளிச்ச சீட்டை உருவறான், இடுப்புல கத்தி தொங்குது. அஞ்சாறு வருஷம் கழிச்சி அதே மாதிரி மேசையை, அதே மாதிரி ஆளுங்களை வச்சித்தான் மத்தேயுவை வரைஞ்சான். ஒரே வித்தியாசம், இப்போ இருட்டு வந்துது, வெளிச்சம் வந்துது. சூதாட்ட மேசை சாமி வந்து நிக்கற எடமா ஆகிப் போச்சி. திருவேற்காட்டுக்காரனுக்கு இது புரியலன்னா வேற எவனுக்குடா புரியும்?

இப்போ குறி சொல்ற குறத்தி கதைக்கு வருவோம். அதே 1594 வாக்குல அவன் குறி சொல்றவளையும் வரைஞ்சான். ஒண்ணுக்கு ரெண்டு படம். ஒண்ணு ரோம்ல, ஒண்ணு பாரிஸ்ல இருக்குது. தொப்பி போட்ட மைனர் ஒருத்தன் கையை நீட்டிகினு அவ மூஞ்சியையே பாக்கறான். அவ கை பாக்கற சாக்குல வெரல்ல இருந்து மோதிரத்தை உருவறா. சிலையைப் பாத்து வரையக் கத்துக்கடான்னு புத்தி சொன்னவங்களுக்கு, தெருவுல போன நாடோடிப் பொண்ணு ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டி, "இவதான் எனக்குச் சிலை"ன்ன மாதிரி பண்ணானாம்.

நம்ம ஊரு கருமாரி அம்மன் கதை இன்னா? தலபுராணத்துல சொல்றதைக் கேட்டிருக்கியே. அம்மன் குறி சொல்ற கெழவி வேஷத்துல சூரியன்கிட்டப் போனா. அவரு யாரோ கூடைக்காரின்னு அலட்சியம் பண்ணாரு. அம்மன் திரும்பிட்டா, சூரியனோட ஒளி மங்கிப் போச்சி. உலகத்துக்கே லைட்டு போடற ஆளு இருட்டுல நின்னாரு. பொறவு வந்து மன்னிப்புக் கேட்டு, ஞாயித்துக்கிழமையை உனக்கே தரேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனியிலயும் புரட்டாசியிலயும், என் கதிரு உன் தலையில விழணும்னு வரம் வாங்கினாரு.

இதுல சூட்சுமம் எங்க இருக்குதுன்னு பாத்தியா? சூரியனுக்கு ஏன் அவளைத் தெரியல? வெளிச்சம் பத்தாமயா? அவரே வெளிச்சம்! வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினவனுக்குக் கண்ணு தெரியாதுன்னுதான் நம்ம ஊரு புராணமே சொல்லுது. அதே ஊர்ல உக்காந்துகினு நீ பன்னெண்டு போகஸ் லைட்டுக்குக் கொட்டேஷன் வாங்கற.

ரோம்லயும் இதே கூத்து நடந்துது. மாதா இறந்து கிடக்கிற மாதிரி ஒரு பெரிய படம் வரைஞ்சான் கார பஜ்ஜி. கார்மேல் சபைச் சாமியாருங்க கோயிலுக்கு. மேல சிவப்புத் திரை, கீழ கட்டில்ல ஒரு பொம்பள, வயிறு உப்பி, கால் வெறுங்காலா நீட்டிகினு. சுத்தி கெழவங்க அழறாங்க. தேவதை ஒண்ணு கூட வரல. வெளிச்சம் மட்டும் மேல ஒரு பக்கத்துல இருந்து வந்து அவ மூஞ்சியில நிக்குது. சாமியாருங்க வேணாம்னுட்டாங்க. தெருவுல போற பொம்பளையை மாடலா வச்சிட்டான், மரியாதை இல்லன்னு பேச்சு. கூடைக்காரியைத் தெரியாத சூரியன் மாதிரி. ரூபன்ஸ்ன்னு இன்னொரு பெரிய ஓவியன் சொல்லி, மாந்துவா ஊரு ராஜா அதை வாங்கிட்டாரு. இன்னிக்கு அது பாரிஸ்ல லூவர்ல தொங்குது. வேணாம்னு சொன்ன சாமியாருங்க பேரு எவனுக்கும் தெரியாது.

மத்தேயு எழுதிகினு இருக்கிற படத்தையும் முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. காலு ரொம்ப முன்னாடி நீட்டிகினு அசிங்கமா இருக்குதுன்னு. ரெண்டாவது தடவை வரைஞ்சி குடுத்தான். முதல் படம் பெர்லினுக்குப் போயி, 1945ல யுத்தத்துல எரிஞ்சி போச்சி. இப்போ கறுப்பு வெள்ளை போட்டோதான் மிச்சம்.

சரி, உபயம் கதைக்கு வா. அவன் வரைஞ்ச படங்கள்ல ஒண்ணே ஒண்ணுலதான் கையெழுத்து போட்டிருக்கான். 1608ல மால்டா தீவுல, யோவானைத் தலை வெட்டற படம். கையெழுத்து எங்க? வெட்டுப்பட்ட கழுத்துல இருந்து தரையில வழியற ரத்தத்துல. ஆளைக் கொன்னுட்டு ஓடியாந்தவன் பேரு எழுதத் தேர்ந்தெடுத்த எடம் அது. நீ டியூப்லைட்டு மேல பேரு எழுதறப்ப கொஞ்சம் நெனைச்சிக்க.

அவனுக்குப் பொறவு ஆளாளுக்கு இந்த வித்தையைப் புடிச்சிகினாங்க. எனக்குப் புடிச்சவன் பிரான்சுல ஜார்ஜ் து லா தூர். அவன் வெளிச்சத்தை மேல இருந்து எறக்கல, படத்துக்குள்ளயே மெழுகுவத்தி வச்சான். 1642 வாக்குல வரைஞ்ச சூசையப்பர் படம் ஒண்ணு. கெழவர் குனிஞ்சி மரத்துல தொளை போடறாரு. பையன் ஏசு பக்கத்துல மெழுகுவத்தி புடிக்கிறாரு. சுடரை மறைக்கிற கைக்குள்ள வெளிச்சம் பூந்து, வெரல் செவந்து தெரியுது. அதே சூசையப்பரைத்தான் வளன்னு பேரு வச்சி, இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில தமிழ்ப் பாட்டுடைத் தலைவர் ஆக்கினாரு. தச்சருக்கு இருந்த மவுசைப் பாரு. நம்ம வீட்டுப் பூஜை அலமாரிக்கு வந்த தச்சர்கிட்ட நீ பேரம் பேசினதையும் பாத்தேன்.

நாம வாங்கினோம், அவங்க குடுத்தாங்கன்னு மட்டும் நெனைக்காத. 1580ல ஏசு சபைச் சாமியாருங்க அக்பர் தர்பாருக்குப் படம் போட்ட பைபிளைக் கொண்டாந்தாங்க, அங்க இருந்த ஓவியருங்க அதைப் பாத்து வரைஞ்சாங்க. அதே நூறு வருஷத்துக்குள்ள, ஆம்ஸ்டர்டாம்ல இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பேரு போன ரெம்பிராண்ட், முகலாயர் படங்களைப் பாத்து இருபதுக்கு மேல வரைஞ்சி வச்சிருக்கான். நல்ல கைக்காரன் எவனும் அடுத்தவன் வீட்டு விளக்கைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கமாட்டான்.

நம்ம சினிமாவுல? 1987ல வந்த நாயகன் எடுத்துக்க. பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு, தேசிய விருது வாங்கினது. பாதி மூஞ்சி இருட்டுல, பாதி வெளிச்சத்துல. எனக்குப் பக்கத்து சீட்டுக்காரன், "மெஷின்ல கார்பன் தீந்து போச்சி போல"ன்னான். நான் சொன்னேன், "இல்லய்யா, அந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னு லைட்டுக்கே தெரியல, அதான் பாதிதான் விழுது"ன்னு. அவன் என்னைப் பைத்தியம்னு நெனைச்சி ரெண்டு சீட்டு தள்ளிப் போயிட்டான்.

இப்போ எழுந்து பக்கத்துல வேதபுரீஸ்வரர் கோயிலுக்கு மனசுல போய்ட்டு வா. சம்பந்தர் பாடின கோயில். அகத்தியருக்குக் கல்யாணக் கோலம் காட்டின எடம்னு சொல்லுவாங்க. லிங்கத்துக்குப் பின்னாடி செவுத்துல சிவனும் பார்வதியும் அந்தக் கோலத்துல இருக்காங்க. வெளியில வெயிலு. கோபுர வாசல் தாண்டினா கொஞ்சம் நெழலு. மண்டபத்துல இன்னும் கொஞ்சம். உள்ள போகப் போக எடமும் சுருங்கும், வெளிச்சமும் சுருங்கும். கண்ணு முழுசா இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும்னு கண் டாக்டர் எனக்குச் சொன்னாரு. நம்ம ஸ்தபதிக்கு டாக்டரு சொல்லாமலே தெரிஞ்சிருக்குது. அதான் பிராகாரத்தைச் சுத்த வச்சி, க்யூவுல நிக்க வச்சி, கண்ணைப் பக்குவம் பண்ணி உள்ள அனுப்பறாரு.

அப்போ குருக்கள் கற்பூரத் தட்டைத் தூக்கறாரு. முதல்ல லிங்கம் தெரியும். தட்டு இன்னும் கொஞ்சம் மேல போனாப் பின்னாடி அந்த ரெண்டு பேரும் தெரிவாங்க. ஒரு நொடி. அப்புறம் திரும்ப இருட்டு. பாத்தோமா இல்லியான்னு சந்தேகம் வரும், மறுபடி பாக்கணும்னு தோணும். அந்தத் தட்டை மெதுவா வட்டமாச் சுத்தறாரே, அவருதான்டா கார பஜ்ஜிக்கு அண்ணன். அதே ஒத்த வெளிச்சம், அதே இருட்டு, அதே சாய்வு. அவன் துணியில நிறுத்தி வச்சான், இவரு நகர்த்திக் காட்டறாரு. அங்க நாலு போகஸ் லைட்டைப் போட்டுட்டா கற்பூரம் இன்னாத்துக்கு? வெயில்ல டார்ச் அடிச்ச மாதிரி.

நீ சொல்றதும் நியாயம்தான். வயசானவங்க படியில தடுக்கி விழறாங்க, செருப்பு மாறிப் போவுது, திருடன் பயம். சரி. அதுக்கு வெளிச்சம் வேணும்தான். அது கால்ல விழட்டும். சாமி மூஞ்சியில ஏன் அடிக்கிற? தடுக்கி விழறது பக்தருங்கதானே, அம்மன் எங்கயும் நடந்து போகலியே.

அதனால தாத்தன் சொல்றதைக் கேளு, நோட்டுல எழுதிக்க. வாசப்படிக்கு ஒண்ணு, செருப்பு விடற எடத்துக்கு ஒண்ணு. ரெண்டும் கீழ பாத்தாப்பல, மஞ்சள் நெறத்துல, கண்ணுக்குப் பல்பு தெரியாம. மண்டபத்துல ஒண்ணு, அதுவும் தூணுக்குப் பின்னாடி ஒரு பக்கமா. ரெண்டு பக்கமும் போட்டா நெழலு ஒண்ணை ஒண்ணு தின்னுடும், தூண்ல இருக்கிற யாளிக்குப் பல்லே தெரியாது. கருவறைக்குள்ள எண்ணெய் விளக்கு, கற்பூரம். சுவிட்சுன்னு ஒண்ணு உள்ள போகவே கூடாது. செவுத்துல வெள்ளை டைல்ஸ் ஒட்டறேன்னு எவனாவது உபயதாரர் வந்தா, கார பஜ்ஜி வீட்டுக்கார அம்மா மாதிரி சாமானை ஜப்தி பண்ணிடு.

அப்புறம் உன் கல்யாண போட்டோ தொழிலு. மொகத்துக்கு எதிர்ல வட்ட விளக்கை வச்சி அடிக்கிறியே, கண்ணுக்குள்ள பூராம் வளையம் வளையமாத் தெரியுது, பொண்ணு மூஞ்சி இட்லி மாதிரி வருது. மூக்குன்னு ஒண்ணு இருக்குதான்னு மாமியார் தடவிப் பாக்கணும். அடுத்த தடவை மணவறைக்குப் பக்கத்துல ஜன்னல் இருந்தா, லைட்டை அணைச்சிட்டு ஒரே ஒரு படம் அப்பிடி எடு. பொண்ணோட அப்பா ஒரு ஓரமா நெழல்ல நின்னு கண்ணைத் தொடைப்பாரு. அவரையும் சேத்துப் புடி.

பன்னெண்டுல மூணு கழிச்சா இன்னா மிச்சம்? ஒம்பது. கணக்கு வருது பாரு உனக்கு, மத்தேயு மாதிரி. அந்த ஒம்பது லைட்டுக் காசை நாளைக்கே கோயில் கமிட்டியில திருப்பிக் குடு. ஆடி ஞாயித்துக்கிழமைக்குக் கூழு ஊத்தச் சொல்லு, மத்தியானம் பந்தி போடச் சொல்லு. எல்லாருக்கும் நீயே பரிமாறு. மொத பந்தி முடியட்டும், ரெண்டாம் பந்தி முடியட்டும். மூர்க்க நாயனார் ஊர்க்காரன் நீ, கடைசிப் பந்தியில உக்காரு.